ஒரு பல் தப்பினால்

காலையில் அந்தக் காரை ஸ்டார்ட் பண்ணினால் தெரு முழுக்கக் கேட்கும். தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி கலகலவென்று ஒரு சத்தம். இன்ஜினில் எண்ணெய் மேலே ஏறிச் சூடானதும் அடங்கிவிடும். அடங்குவதற்குள் எதிர்வீட்டு ஜன்னல், மாடி ஜன்னல் எல்லாம் திறந்து மூடிவிடும். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கதைதான். வேறு யார் வீட்டுக் கார் அப்படிக் கத்தினாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள். இது மெக்கானிக் வீட்டுக் கார்.

அந்த மெக்கானிக்கை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஸ்டெத்து என்பார்கள். நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்து, கண்ணை மூடிக் கேட்பார். கேட்டபிறகு இன்னது போயிருக்கிறது என்று சொல்வார். சொன்னால் சொன்னதுதான். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. ஆபரேஷன் முடிந்து வருகிற கத்தி, கத்திரி, இடுக்கி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வரிசையாக அடுக்கி நீராவிப் பெட்டிக்கு அனுப்புகிற அறையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறாள். அவளுக்குக் கத்திரியக்கா என்று பேர். ஸ்டெத்தும் கத்திரியும் ஒரே வீட்டில் இருப்பதால் அந்த வீட்டில் யாருக்கும் நோய் வராது என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

நோய் வரவில்லை, விபத்து வந்தது. போன வருஷம் பட்டறையில் தூக்கி நிறுத்தியிருந்த கியர்பாக்ஸ் சரிந்து ஸ்டெத்தின் வலது மணிக்கட்டின்மேல் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. நரம்பை வெட்டி ஒட்டித் தைத்தார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் உணர்ச்சி மெல்ல மெல்ல வரும், அவசரப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். விரல் மடங்கியது, நீண்டது, பிடித்தது. "தெரியுதா?" என்று அவள் தினமும் கேட்பாள். "தெரியுது, தெரியுது. நேத்தைவிட இன்னிக்குத் தேவலை," என்பார். அவளும் மனசு குளிர்ந்து வேலைக்குப் போவாள்.

வேலைக்குத் திரும்பின கொஞ்ச நாளில் அவர் எண்ணெய் மாற்றின கார் ஒன்று வழியெல்லாம் ஒழுகிக்கொண்டு பட்டறைக்கே திரும்பி வந்தது. எண்ணெய் இறக்குகிற அடி போல்ட் முறுகவே இல்லை. பட்டறை முதலாளி சத்தம் போடவில்லை. மறுநாளிலிருந்து ஸ்டெத்தை வாசலில் மேஜை போட்டு உட்காரவைத்து, வருகிற வண்டிக்குச் சீட்டு எழுதச் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று ஸ்டெத்து வீட்டில் வந்து சொன்னார். அதன்பிறகு சோறு இறங்கவில்லை, பேச்சு குறைந்துபோனது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் முதலாளியிடம் போய், கை சரியாகிவிட்டது, என் ஸ்பேனர் பெட்டியைக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டார்.

முதலாளி யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "உன் வண்டி காலைல கலகலன்னு அடிக்குதே, அதோட டைமிங் செயினை வீட்டுல வச்சே நீயே மாத்து. தனியா மாத்து. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து கேக்குறேன். நல்லா ஓடுச்சுன்னா மறுநாளே உன் பெட்டியைத் தொறந்துக்கோ. இல்லேன்னா சீட்டுதான், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். வீட்டுக்கு முன்னால் தகரக் கூரை இறக்கின சின்ன இடம் இருந்தது. காரைத் தள்ளி அதற்குள் மூக்கை நுழைத்தார்கள். வால் நனைந்துகொண்டிருந்தது. ஸ்டெத்து முன்சக்கரத்தைக் கழற்றினார். இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கினார். எண்ணெயை இறக்கினார். கறுப்பாகக் கஷாயம் மாதிரி இறங்கியது. அவள் வாசற்படியில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உதவிக்கு இல்லை, வேடிக்கைக்கு.

"எதுக்கு இப்படி உத்து உத்துப் பாக்குறே? ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல சொந்தக்காரங்க நிக்கிற மாதிரி இருக்கு."

"சொந்தக்காரிதானே நான்."

"உள்ள போயேன்."

"வெங்காயத்துக்கு இங்கதான் வெளிச்சம் நல்லாருக்கு."

மாடி வீட்டில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் குடியிருந்தார். உலகத்தில் உள்ள எல்லா வேலையும் எப்படிச் செய்வது என்று போனில் வீடியோ பார்த்து வைத்திருப்பவர். ஒரு வேலையும் செய்தது கிடையாது. அவர் பால்கனிக் கம்பியில் சாய்ந்துகொண்டு எட்டிப் பார்த்தார்.

"டைமிங் செயினா அண்ணே? அது ரொம்ப ரிஸ்க்கு. நான் பாத்திருக்கேன். ஒரு பல்லு தப்பினாப் போதும், இன்ஜின் காலி."

"அப்படியா சார்? தெரியாமப் போச்சு," என்றார் ஸ்டெத்து, தலையை வெளியே எடுக்காமல்.

வங்கிக்காரர் சொன்னது பொய்யில்லை. மேலே வால்வுகள் திறந்து மூடுகின்றன, கீழே பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன. ஒரே குறுகலான வாசலில் ஒருத்தர் உள்ளே போகும்போது இன்னொருத்தர் விலகி நிற்கவேண்டும். யார் எப்போது என்று சொல்லிக்கொடுப்பது அந்தச் செயின். அது பல்சக்கரத்தில் சரியான இடத்தில் உட்காராவிட்டால் இருவரும் வாசலில் முட்டிக்கொள்வார்கள். வால்வு வளையும், பிஸ்டன் உடையும். பிறகு அந்த இன்ஜினை எடைக்குத்தான் போடவேண்டும்.

அடியில் இருந்த புல்லியின் போல்ட் அசைய மறுத்தது. ஸ்பேனருக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்த் துண்டைச் செருகி நீளமாக்கினார். அழுத்தினால் போல்ட்டோடு சேர்ந்து இன்ஜினே சுற்றியது.

"ஏய், உள்ள ஏறி பிரேக்கை அழுத்தி மிதி. கியர்ல போட்டிருக்கேன்."

"தனியாச் செய்யணும்னு சொன்னாரே உங்க முதலாளி?"

"பிரேக் மிதிக்கிறது உதவியா? அது சும்மா உக்காந்திருக்கறது."

அவள் ஏறி மிதித்தாள். ஸ்டெத்து குழாயின் மேல் ஏறக்குறையப் படுத்தேவிட்டார். மடக்கென்று ஒரு சத்தம். கார் ஆடியது. போல்ட் வழிக்கு வந்தது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று பால்கனியிலிருந்து வங்கிக்காரர் சொன்னார். அடித்தது யார், சொல்கிறது யார் என்று அவள் முணுமுணுத்தாள்.

முன்பக்க மூடியைக் கழற்றியதும் செயின் தெரிந்தது. ஸ்டெத்து இடது கையால் அதைத் தூக்கிக் காட்டினார். தொளதொளவென்று தொங்கியது. அதைத் தாங்குகிற பிளாஸ்டிக் கட்டை பாதி தேய்ந்து, துண்டு துண்டாக அடியில் கிடந்தது. "பாத்தியா, இதான் அந்தக் கலகல," என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சம். அவர் எல்லாவற்றுக்கும் இடது கையை முதலில் நீட்டுவதை அவள் கவனித்தாள். வலது கைக்கு ஓய்வு கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த இன்ஜினில் ஒரு வில்லங்கம் இருந்தது. பல்சக்கரங்களில் கம்பெனிக்காரன் புள்ளி போட்டிருப்பான், அதைப் பார்த்துச் செயினை மாட்டவேண்டும். ஆனால் இந்தக் காரை முன்பு வைத்திருந்தவர் எங்கேயோ கொடுத்து வேறு மாடல் சக்கரங்களை மாட்டியிருந்தார். புள்ளி எங்கேயோ பார்த்தது, செயின் எங்கேயோ நின்றது. அதனால் பிரிப்பதற்கு முன் ஸ்டெத்து ஒயிட்னர் குப்பியை எடுத்து, சக்கரமும் செயினும் சேர்ந்து நிற்கிற இடங்களில் வெள்ளைப் பொட்டு வைத்தார். பழைய செயினின் கண்ணிகளை எண்ணி, புதுச் செயினிலும் அதே இடங்களில் பொட்டு வைத்தார். திரும்ப எண்ணினார். பிறகு எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் அடுக்கி, செய்தித்தாளால் மூடினார். அன்றைய வேலை அதோடு நின்றது.

ராத்திரி ரொட்டியும் முட்டையும். மூன்று ரொட்டிக்கு மேலே இன்னொன்று கேட்டுச் சாப்பிட்டார். அவளுக்கு வயிறு நிறைந்துபோனது.

ஞாயிறு காலை, எண்ணெய் கசியாமல் முன்பக்க மூடிக்கு வைக்கிற பேஸ்ட் டியூபைப் பிதுக்கினால் கல்லாக வந்தது. புது டியூப் வாங்க ஸ்டெத்து குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தார். அவள் முன்வாசலைப் பெருக்க வந்தவள், தட்டின்மேல் இருந்த செய்தித்தாளைத் தூக்கிப் பார்த்தாள்.

பார்த்திருக்கக் கூடாது. பார்த்தபிறகு அவளால் சும்மா போக முடியவில்லை. எல்லாம் கறுத்த எண்ணெயும் பிசுக்குமாகக் கிடந்தன. உடம்பிலிருந்து எடுத்ததை அப்படியே திரும்ப உடம்புக்குள் வைப்பார்களா? ஆஸ்பத்திரியில் ஒரு கத்திரியில் கடுகளவு கறை இருந்தாலும் பெரிய நர்ஸ் முழுத் தட்டையும் திருப்பி அனுப்பிவிடுவார். போதாக்குறைக்கு இதில் வெள்ளை வெள்ளையாக ஏதோ காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. பாவம், மனுஷன் கையோடு இதையும் தேய்க்கவேண்டுமா, அவர் வருவதற்குள் முடித்துவைத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். பெட்ரோலை ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். அவள் கைவேலை அது, அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். துடைத்தாள். சுத்தமான வெள்ளைத் துணியை விரித்து, பெரியது, சிறியது, செயின், போல்ட் என்று வரிசையாக வைத்தாள். காருக்கு அடியிலும் ஒரு துணியை விரித்துவிட்டாள்.

வங்கிக்காரர் மேலிருந்து பார்த்துவிட்டு, "கடைல வாங்கினது மாதிரி இருக்கேம்மா," என்றார். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஸ்டெத்து வந்தார். குடையை மடக்கினார். துணியைப் பார்த்தார். குனிந்து ஒரு சக்கரத்தை எடுத்துத் திருப்பினார், அடுத்ததை எடுத்தார், செயினை எடுத்துக் கண்ணி கண்ணியாகத் தள்ளிப் பார்த்தார்.

"நான்தான் கழுவினேன். எப்படி இருக்கு?" என்றாள்.

"இதுல வெள்ளையா இருந்துச்சே..."

"ஆமா, என்னமோ காஞ்சு ஒட்டியிருந்துச்சு. விடுமா அது, சுரண்டித்தான் எடுத்தேன்."

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அய்யோ. அது நீங்க வச்ச அடையாளமா?"

"அது மட்டும்தான் அடையாளம்."

"நான் வேணும்னு..."

"வேணும்னு செஞ்சேன்னு யார் சொன்னது?" குரல் ஏறியது. "கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா உனக்கு? எதைக் கண்டாலும் கழுவணும். என்னையும் ஒரு நாள் பிரஷ் போட்டுத் தேய்ச்சு வெயில்ல காயவச்சுடு. சாயங்காலம் அந்த மனுஷன் வந்து நிப்பாரு. நான் என்ன சொல்றது? பொண்டாட்டி ரொம்பச் சுத்தம்னு சொல்லவா?"

அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அவர் அதற்குள் காருக்கு முன்னால் நின்று இன்ஜினையே முறைத்துக்கொண்டிருந்தார். கோபம் வந்த வேகத்தில் போய்விடுகிற ஆள். அதை நம்பித்தான் அவள் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியது.

"புள்ளியே இல்லாத காலத்துலயும் இன்ஜின் ஓடிச்சு," என்று அவர் தனக்குத்தானே சொன்னார். "ஒரு லைட்டை எடுத்துட்டு வா."

"தனியான்னு..."

"லைட்டு புடிக்கிறதும் சும்மா உக்காந்திருக்கறதுதான். நின்னுக்கிட்டு உக்காரு."

முதல் பிளக்கைக் கழற்றி ஓட்டைக்குள் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழலை விட்டார். கீழே புல்லி போல்ட்டைத் திருப்பத் திருப்பக் குழல் மெல்ல மேலே வந்தது. வந்து, தயங்கி, நின்றது. கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்து அது நிற்கிற இடத்தின் நடுவைப் பிடித்தார். "இதான் உச்சி," என்றார். மேலே வால்வுகளைத் தள்ளுகிற, மூக்கு மூக்காகப் புடைத்த இரண்டு தண்டுகளையும் ஸ்பேனரால் திருப்பினார். "முதல் பிஸ்டனுக்கு மேல இருக்கிற இந்த ரெண்டு மூக்கையும் பாரு. சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி ஒண்ணு அந்தப் பக்கமும் ஒண்ணு இந்தப் பக்கமும் திரும்பியிருக்கணும். அப்பத்தான் ரெண்டு வால்வும் மூடியிருக்குன்னு அர்த்தம்."

"எவ்வளவு திரும்பியிருக்கணும்?"

"ரெண்டு பேருக்கும் ஒரே அளவு கோவம் இருக்கணும்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். அவர் அட்டையை வெட்டி அளவு வைத்துப் பார்த்தார், திருப்பினார், தூரப் போய் நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார். பட்டறையில் இந்த வேலையை இப்படிச் செய்கிறவர் வேறு யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தூறல் வலுத்துத் தகரத்தில் படபடவென்று அடித்தது.

அடுத்து, செயின் ஓடுகிற அடிச்சக்கரம். இன்ஜினின் முதன்மைத் தண்டில் ஒரு பள்ளம் உண்டு. அதில் சாவி என்கிற, நகத்துண்டு அளவு இரும்புத் துண்டு படிந்து உட்காரவேண்டும். அதைப் பிடித்துக்கொண்டுதான் சக்கரம் நிற்கும். அந்த இடத்துக்கும் காரின் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கைதான் நுழையும், அதுவும் வலது கை மட்டும். கண்ணுக்கு எட்டாது, விரல்தான் கண். ஸ்டெத்து கையை விட்டுச் சக்கரத்தைச் செருகினார். தடவினார்.

"உக்காந்துடுச்சு," என்றார்.

செயினை மாட்டினார். அதை இறுக்கிப் பிடிக்கிற இழுப்புக் கட்டைகளை வைத்தார். போல்ட் ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார். அவள் லைட்டைப் பிடித்துக்கொண்டு அவர் கையையே பார்த்தாள். மேலே இரண்டு போல்ட்டை இடது கையால் போட்டார். மூன்றாவது உள்ளே தள்ளி இருந்தது. வலது கையின் மூன்று விரல்களால் போல்ட்டைப் பிடித்துக் கொண்டுபோய், முகத்தை வேறு பக்கம் திருப்பி, முறுக்கத் தொடங்கினார்.

போல்ட் விரலிலிருந்து நழுவி விழுந்தது. அடியில் அவள் விரித்த துணியில் விழுந்ததால் சத்தமே இல்லை.

ஸ்டெத்து முறுக்கிக்கொண்டே இருந்தார். வெறும் விரல்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சுற்றின. "மரை புடிச்சிருச்சு," என்று வேறு சொன்னார்.

லைட் ஆடியது. "ஆட்டாதே," என்றார். அவள் குனிந்து போல்ட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் அதைப் பார்த்தார். கையை வெளியே எடுத்து அதையும் பார்த்தார்.

"எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்டாள்.

"எப்பலேர்ந்துன்னா?"

"நேத்தைவிட இன்னிக்குத் தேவலைன்னு தினமும் சொன்னீங்களே."

அவர் துணியை எடுத்து விரல்களைத் துடைத்தார். துடைக்கத் தேவையில்லாத அளவுக்குத் துடைத்தார். "வரவே இல்லை," என்றார். "ஒரு நாளும் வரல. டாக்டர் ஊசியால குத்தும்போது ஓரக்கண்ணால பாத்துத்தான் சொன்னேன்."

"என்கிட்ட எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"நீ கேக்கும்போது உன் மூஞ்சி எப்படி இருக்கும் தெரியுமா? பரீட்சை ரிசல்ட் பாக்க வந்தவ மாதிரி இருக்கும். ஃபெயில்னு தினம் தினம் எப்படிச் சொல்றது?"

"நான் ஃபெயிலைத் தாங்கமாட்டேனா? எத்தனை பேரோட கை காலை எடுத்த கத்தியெல்லாம் கழுவறவ நான்."

"நீ தாங்குவே. நான்தான் தாங்கமாட்டேன்."

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இத்தனை மாசம் ஒரே பாயில் படுத்துக்கொண்டு இந்த மனுஷன் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாரே என்று நினைத்தபோது கோபம் கரைந்துபோனது. அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

"ஏங்க, அப்ப அடில ஏதோ சாவி உக்காந்துடுச்சுன்னு சொன்னீங்களே, அது?"

ஸ்டெத்து திரும்பி அந்த இடுக்கைப் பார்த்தார்.

"நகருங்க," என்றாள். லைட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, வளையலைக் கழற்றி வைத்து, தன் வலது கையை அந்த இடுக்கில் நுழைத்தாள். எண்ணெய், குளிர்ச்சி, பல், பல், பிறகு தண்டின் வழவழப்பு. கத்திரியின் வாயில் பிசிர் இருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பார்ப்பது மாதிரி மெல்லத் தடவினாள்.

"இங்க ஒண்ணு தூக்கிக்கிட்டு நிக்குது. அரிசிமணி அளவு."

"அது சக்கரத்தோட விளிம்பா இருக்கும்."

"விளிம்பு வட்டமால்ல போகும்? இது முனை. ஒரு பக்கம் உள்ள போயிருக்கு, மறுபக்கம் ஏறி நிக்குது."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அப்படியே ஸ்டார்ட் பண்ணியிருந்தா சக்கரம் நழுவியிருக்கும்," என்றார். "எல்லாம் முட்டி நொறுங்கியிருக்கும். நான் பொட்டு தப்பிருச்சு, உன்னாலதான் போச்சுன்னு உன்னைத் திட்டியிருப்பேன்."

"அதுவும் நியாயம்தானே, பொட்டை அழிச்சவதானே நான்," என்றாள். சமாதானமாகத்தான் சொன்னாள்.

திரும்பவும் எல்லாவற்றையும் கழற்றினார்கள். இந்தத் தடவை 'சும்மா உக்காந்திருக்கறது' என்று யாரும் சொல்லவில்லை. அவர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். "சாவியோட வளைஞ்ச பக்கம் கீழ. ம். இப்ப இந்தப் பித்தளைக் கம்பியை அதுமேல வை, நான் தட்டுறேன். கையை எடுத்துக்கோ. தொட்டுப் பாரு."

"இன்னும் கொஞ்சம் நிக்குது."

"இப்ப?"

"நகமும் சதையும் மாதிரி இருக்கு."

சக்கரம் ஏறியது. உச்சியைத் திரும்பவும் பிடித்தார். கோபித்துக்கொண்ட மூக்குகளைத் திரும்பவும் ஒழுங்குபண்ணினார். செயினை மாட்டினார். உள்ளே தள்ளி இருந்த போல்ட்டுகளை அவள் விரல்கள் மரை பிடிக்கவைத்தன, அவர் இடது கை ஸ்பேனரால் முறுக்கியது. முடிந்ததும் எதையும் மூடாமல், கையாலேயே இன்ஜினை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றவைத்தார். எங்கேயாவது தட்டினால் நிறுத்து என்று அவளையும் ஸ்பேனரைப் பிடிக்கச் சொன்னார். இருவர் கையும் ஒரே பிடியில். எங்கேயும் தட்டவில்லை. குழல் உச்சிக்கு வந்தபோது மூக்குகள் சரியாக ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

பேஸ்ட் வைத்து மூடினார். அது இறுகும்வரை நேற்று மத்தியானம் மிஞ்சின குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டார்கள். பிறகு புது எண்ணெய் ஊற்றி, முன்சக்கரத்தை மாட்டி, ஸ்டெத்து உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். முதல் தடவை கர்ரென்று இழுத்துவிட்டு நின்றது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. கலகல இல்லை. மாடி ஜன்னல் திறந்தது. "என்ன அண்ணே, ஸ்டார்ட் பண்ணலையா?" என்றார் வங்கிக்காரர்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஸ்டெத்து ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

முதலாளி வருவதற்குள் அவள் தீர்மானித்துவிட்டாள். "நான் பக்கத்துலயே வரல. சமையக்கட்டுல இருந்தேன். எல்லாம் நீங்கதான் செஞ்சீங்க. அப்படித்தான் சொல்லப்போறேன்," என்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல் சோப்புப் போட்டுக் கைகழுவினார். மௌனம் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மழை விட்டிருந்தது. முதலாளி வந்து, செருப்பை உதறிவிட்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். மூடியைத் தூக்கி நின்று கேட்டார். வேகத்தை ஏற்றவிட்டு, இறக்கவிட்டு, நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ணவிட்டுக் கேட்டார். குனிந்து அடியில் ஒழுகுகிறதா என்று பார்த்தார்.

"நல்லாருக்கு," என்றார். "தனியாச் செஞ்சியா?"

"அவரேதான் செஞ்சாரு அண்ணே," என்று அவள் முந்திக்கொண்டாள். "ரெண்டு நாளா நான் இந்தப் பக்கமே வரல. உக்காருங்க, டீ கொண்டாறேன்."

டீயைக் கொதிக்கக் கொதிக்க எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்தாள். பதற்றத்தில் ஆற்றக்கூட இல்லை. முதலாளி டம்ளரின் விளிம்பை மட்டும் பிடித்து, சுட்டதால் கை மாற்றி, மறுபடி மாற்றி, கடைசியில் கீழே வைத்துவிட்டார். ஸ்டெத்து தன் டம்ளரை வலது கையின் கட்டைவிரலாலும் அடுத்த இரண்டு விரலாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆவி பறந்தது.

முதலாளி பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். போய்ப் பிடுங்கவும் முடியவில்லை, சும்மா நிற்கவும் முடியவில்லை. ஸ்டெத்து அவர்கள் இருவர் பார்வையும் போன இடத்தைத் தானும் பார்த்தார். மெதுவாக டம்ளரைக் கீழே வைத்தார். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் சிவந்து கன்றிப்போயிருந்தன.

"இவ பொய் சொல்றா முதலாளி," என்றார்.

"ஏங்க..."

"சும்மா இரு. அடையாளத்தைக் கழுவிட்டது இவ. அதை நான் திரும்பக் கண்டுபிடிச்சுட்டேன், அது நான் தனியாச் செஞ்சது. ஆனா அடிச்சக்கரத்துச் சாவி ஏறி நின்னுச்சு. எனக்குத் தெரியல. உக்காந்துடுச்சுன்னு சொல்லிட்டேன். இவதான் விரலை விட்டுப் பாத்தா. இவ இல்லேன்னா இந்நேரம் இன்ஜின் போயிருக்கும்." கையைத் திருப்பிக் காட்டினார். "இந்த மூணுலயும் ஒண்ணும் தெரியாது. அன்னிக்கு அந்த அடி போல்ட்டையும் முறுக்கினதாத்தான் நினைச்சேன். உங்ககிட்டயும் பொய்தான் சொன்னேன்."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாம் போச்சு என்று நினைத்தாள். ஒரு பொய்தானே, சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. கூடவே, அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க நெஞ்சில் ஏதோ இறங்கி லேசானது. உள்ளே போய்க் குளிர்ந்த தண்ணீரைக் கிண்ணத்தில் கொண்டுவந்து, கேட்காமலே அவர் கையைப் பிடித்து அதில் வைத்தாள்.

முதலாளி எழுந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மூடியை இறக்கி அழுத்திச் சாத்தினார்.

"புள்ளி இல்லாத சக்கரத்துல எப்படிப் புடிச்சே?"

ஸ்டெத்து குழலையும் அட்டையையும் மூக்குகளையும் பற்றிச் சொன்னார். முதலாளி தலையாட்டிக்கொண்டே கேட்டார். நடுவில் ஒரு சந்தேகம் கேட்டார். அதற்கும் பதில் சொன்னார்.

"நாளைக்குக் காலைல வந்து உன் பெட்டியைத் தொறந்துக்கோ," என்றார் முதலாளி. "ஆனா ஒண்ணு. நீ மாட்டுற ஒவ்வொண்ணையும் இன்னொருத்தன் தொட்டுப் பாப்பான். நேத்து சேந்தவனாக்கூட இருப்பான். முறுகலைன்னு உன் மூஞ்சிக்கு நேரா சொல்லுவான். நீ கோவிச்சுக்கக் கூடாது."

ஸ்டெத்து கிண்ணத்துக்குள் கிடந்த தன் விரல்களைப் பார்த்தார்.

"கோவிச்சுக்குவேன் முதலாளி," என்றார். "ஆனா பாக்கட்டும்."